சாக்கு, சணல் வகையில்

மூட்டைக் கணக்கு எழுதுகிறவன் என்பதால்
என்னைப் போர்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
ரைஸ் மில்லில் நான் கற்ற கணிதம் அவ்வளவுதான்.

நீடாமங்கலம். சித்திரைக் கடைசி.
நெல் காயப்போடும் களத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து
வலை கட்டியிருந்தது.
வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை,
மணலைக் காற்று எடுத்துவந்து
ஆட்டம் பார்க்க வந்தவர்கள் கண்ணில் போட்டது.

அந்த வருஷம்தான் முதலாளி
பூப்பந்துக்குக் காசு கொடுத்து ஆள் இறக்கினார்.
பொன்மலை ஒர்க்‌ஷாப் லூர்துநாதனுக்கு
ஆட்டத்துக்கு நாற்பது, ரயில் சார்ஜ் தனி.
எதிராளி முட்டை வாங்கினால் மேலே ஐந்து.
மற்ற நால்வருக்கும் இருபது இருபது.
சம்பளம் என்று யாரும் சொல்லவில்லை,
பந்தடிக்கச் சம்பளமா என்று ஊர் சிரிக்கும்.
வழிச்செலவு என்றார்கள்.
என் பேரேட்டில் அதுவும் இல்லை:
சாக்கு, சணல் வகையில் நூற்று இருபது.

எதிரே கூத்தாநல்லூர்.
ஜவுளிக்கடை ஹாஜா மைதீன்,
பஞ்சர் ஒட்டும் பக்கிரிசாமி,
இன்னும் மூன்று பேர்.
அவரவர் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள்.
ஒருவன் கான்வாஸ் ஷூவில்
கட்டைவிரல் வெளியே வந்து
ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மஞ்சள் கம்பளிப் பந்து
காற்று சொன்னால் கேட்கும்.
அன்று லூர்துநாதன் சொன்னதைத்தான் கேட்டது.
வீசியது தெரியாது.
பக்கிரிசாமி திரும்புவதற்குள்
பின்மூலையில் கிடக்கும்,
யாரோ மறந்துவிட்டுப் போன எலுமிச்சம்பழம் போல.

ஐந்து. பத்து. பதினைந்து.
வலது பக்கம் கட்டுக் கட்டாகக் கோடுகள் அடுக்கினேன்.
இடது பக்கம் ஒரு சைபர்.
மில்லில் மூட்டை வராதவன் பெயரையே எழுதமாட்டோம்,
இங்கே வராததையும் எழுதவேண்டியிருந்தது.
சும்மா நின்ற நேரமெல்லாம்
அந்தச் சைபர் மேலேயே சாக்பீஸை ஓட்டினேன்,
கை அதுபாட்டுக்குச் சுற்றியது.

சர்வீஸ் அவர்களுக்கும் வந்தது.
போடுகிறவனுக்குத்தான் பாயிண்ட் என்ற காலம்.
வரும், கை மாறும், போய்விடும்,
கடைமடைக்கு முறைத்தண்ணீர் வருகிற மாதிரி.

இருபத்தேழில் ஒருமுறை
ஹாஜா மைதீன் குனிந்து எடுத்து
இடது ஓரமாக ஒன்று வைத்தார்.
லூர்துநாதன் அசையவில்லை.
பந்து விழுந்த இடத்தில்
சுண்ணாம்பு கொஞ்சம் எழும்பி அடங்கியது.

அம்பயர் டிரில் மாஸ்டர்
அப்போது கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.
கூட்டம் அவுட் என்றது.
அவரும் அவுட் என்றார்.
ஹாஜா மைதீன் அவரைப் பார்க்கவில்லை.
போர்டைப் பார்த்தார்.
என் கை பாதி உயரத்தில் இருந்தது.
இறக்கினேன்.

அப்புறம் இரண்டு பாயிண்ட், இரண்டு நிமிஷம்.
இருபத்தொன்பது. முட்டை.
வெடி போட்டார்கள்.
கூத்தாநல்லூர்க்காரர்கள் பம்புசெட்டில் கால் கழுவி
ஏழு மணி பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

ஆபீஸ் அறையில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கினேன்.
லூர்துநாதன் நாற்பத்தைந்தையும் எண்ணினான்,
எச்சில் தொட்டு, இரண்டு தடவை.
பிறகு பையிலிருந்து பந்தை எடுத்து
மேஜைமேல் உருட்டி நிறுத்தினான்.
ஒரு பக்கம் வெள்ளை.

"பாத்தீங்களா?"
"பாத்தேன்."
"நானுந்தான்."

பணத்தை மடித்து உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு
திருச்சி பாசஞ்சருக்கு ஓடினான்.

மறுநாள் காலை ஈரச் சாக்கால் போர்டைத் துடைத்தேன்.
இருபத்தொன்பதும் ஒரே இழுப்பில் போயிற்று.
சைபர் போகவில்லை.
தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன்,
காய்ந்ததும் திரும்ப வந்து நின்றது.

எட்டு மணிக்கு வண்டிகள் வந்துவிட்டன.
நெல் விலை எழுதியாகவேண்டும்.
மூட்டை ஐம்பது.
சைபருக்கு முன்னால்
ஒரு ஐந்து மட்டும் போட்டேன்.